படத்தில் இருந்தது எந்தக் காது

பிப்ரவரி 4

என் அன்பு மகளுக்கு,

தலை முதல் கால் வரை அப்பா நலம். அந்தத் தலையில் ஒரு ஓரத்தில் மட்டும் கொஞ்சம் நலக்குறைவு. நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்கிறீர்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். உன் போன கடிதத்தில் உன்னைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. முழுக்க எனக்கு வசவு.

டீக்கடைக்காரன் போனில் உன்னிடம் போட்டுக்கொடுத்துவிட்டான் என்று புரிந்தது. "உங்கப்பா போஸ்ட்மாஸ்டர் கழுத்தை அறுத்துட்டாரும்மா" என்றானாமே. கழுத்து இல்லை, தாடைக்குக் கீழே. அறுப்பு இல்லை, கீறல். படிகாரம் தடவியதும் ரத்தம் நின்றுவிட்டது. ஓய்வுபெற்ற மனுஷன், கோபப்படவும் இல்லை. "என்னப்பா, பழக்கதோஷத்துல நான் குத்தின முத்திரையெல்லாம் நீ எனக்குத் திருப்பிக் குத்துறியா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் உன்னிடம் மறைக்க மாட்டேன், அன்றைக்கு மதியம் கடையைப் பூட்டிவிட்டேன்.

நடந்தது இதுதான். என் இடது காதில் நீ பிறப்பதற்கு முன்பிருந்தே சீழ் வருகிறது, உனக்குத் தெரியும். அதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் நான் பிழைப்பு நடத்துகிறேன். சவரத்துக்கு நடுவில் பஞ்சு நழுவியது. சுண்டுவிரலால் உள்ளே தள்ளினேன். தள்ளியதும் சலூனே கிறுகிறுவென்று ஒரு சுற்று சுற்றியது. கண்ணாடி, நாற்காலி, அதில் போஸ்ட்மாஸ்டர், எல்லோரும் என்னை விட்டுக் கிளம்புகிற மாதிரி. கையில் கத்தி. அதைத் தூக்கிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அதனால் நீ திட்டுவதற்கு முன்பே காது டாக்டரம்மாவிடம் போய்விட்டேன். இதை என் நல்ல குணங்களில் சேர்த்துக்கொள். அவர் ஒரு ரப்பர் உருண்டையைக் காதில் பொருத்தி மெல்ல அமுக்கினார். மறுபடியும் அதே சுற்று. "பாருங்க, கண்ணு ரெண்டும் ஓடுது" என்று பக்கத்தில் இருந்த நர்ஸிடம் காட்டினார். என் கண் எனக்குத் தெரியாமல் ஓடியிருக்கிறது.

காதுக்குள் தோல் தப்பான இடத்தில் வளர்ந்து எலும்பைத் தின்கிறதாம். ஆபரேஷன் செய்துதான் ஆக வேண்டுமாம். ஆனால் அதற்கு முன்னால் சி.டி. ஸ்கேன். "அது எதுக்கும்மா, நீங்க நேரா பிரிச்சுப் பாத்துக்கலாமே?" என்று கேட்டேன். என் வலது காதோரம் குனிந்து பொறுமையாகச் சொன்னார்:

"எல்லாருக்கும் எடுக்கச் சொல்றதில்லைங்க ஐயா. சவ்வுல சாதா ஓட்டைன்னா அப்படியே செஞ்சிடுவேன். உங்களுக்குத் தலை சுத்துது. அப்படின்னா பேலன்ஸ் இருக்கிற எலும்பையே அரிச்சிருக்கலாம். பக்கத்துலதான் முகத்தோட நரம்பு ஓடுது, மேல மூளை. இன்னொரு காதும் உங்களுக்கு அரைக்காது. எங்க ஓட்டை, எங்க சுவர்னு தெரியாம நான் கை வைக்கமாட்டேன்."

அரைக்காது என்று சொன்னது சரிதான். எதிரில் நின்று சத்தமாகச் சொன்னால் வலது காதில் விழும். போனில் எல்லோரும் தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுகிறார்கள். மெசேஜ் அனுப்பு என்கிறாய். என் கட்டைவிரல் ஒரு தடவை இறங்கினால் மூன்று எழுத்தின் மேல் உட்காருகிறது. ஆகவே உனக்கு இந்தத் தபால் தண்டனை.

ஸ்கேன் எடுத்ததும் எழுதுகிறேன். கவலைப்படாதே. கவலைப்பட்டாலும் சாப்பிட்டுவிட்டுப் படு.

அன்புடன்,
உன் அப்பா


பிப்ரவரி 10

அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. சிரிக்க வைக்கப் பார்க்கிறீர்கள். நான் சிரிக்கவில்லை.

தலை சுற்றியது முதல் தடவை இல்லை. போன மாதம் வாசற்படியில் நிலை தடுமாறினீர்கள், மூக்கைச் சிந்தும்போதெல்லாம் சுவரைப் பிடிக்கிறீர்கள் என்று டீக்கடை சித்தப்பா சொல்லிவிட்டார். அவரைத் திட்டாதீர்கள். அவர் ஒருவர்தான் எனக்கு அங்கே கண்.

அந்த டாக்டர் சொன்னதை அப்படியே கேளுங்கள். இந்த வியாதியில் மோசமே அது வலிக்காததுதான் அப்பா. வலித்தால் மனுஷன் ஓடுவான். வலிக்காமல் சீழ் மட்டும் வந்தால், அதுவும் உடம்பில் ஒரு பழக்கம் என்று பஞ்சை மாற்றிக்கொண்டே இருப்பான். உள்ளே அது பாட்டுக்குத் தின்றுகொண்டிருக்கும்.

குளிக்கும்போது வெறும் பஞ்சு வைக்காதீர்கள், தண்ணீரை உறிஞ்சும். பஞ்சில் வாசலின் தடவி வையுங்கள். விரலை உள்ளே விடாதீர்கள். ஆபரேஷன் முடியும்வரை கத்தியைத் தொடாதீர்கள், கத்தரிக்கோலோடு நிறுத்துங்கள்.

இங்கே ஆலையில் பெரிய ஆர்டர் ஓடுகிறது. என் லைனில் முப்பது மெஷின், லீவு கேட்டாலே மேனேஜர் முகத்தைத் திருப்புகிறார். அதனால்தான் உடனே கிளம்ப முடியவில்லை. ஆஸ்பத்திரியில் என் நம்பரைக் கொடுத்து வையுங்கள்.

நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

உங்கள் மகள்


பிப்ரவரி 19

என் அன்பு மகளுக்கு,

உத்தரவுப்படி வாசலின் வாங்கினேன். கத்தி உறையில் தூங்குகிறது. சவரத்துக்கு வருகிறவர்களிடம் "தாடி உங்களுக்கு எடுப்பா இருக்கு, விட்டுடாதீங்க" என்று சொல்லி அனுப்புகிறேன். தெருவில் பாதிப் பேர் சாமியாராகிவிட்டார்கள். பழி உன்னைச் சேரும்.

ஸ்கேன் கதையைக் கேள். ஒரு அறை, நடுவில் லாரி டயரை நிமிர்த்தி வைத்த மாதிரி ஒரு வளையம். அதற்குள் ஒரு பலகை. அதில் என்னைப் படுக்க வைத்து, தலையைத் தொட்டில் மாதிரி ஒரு பள்ளத்தில் பதித்து, நெற்றியில் பட்டை கட்டினார்கள். ஸ்கேன்காரத் தம்பி என் முகத்துக்கு நேராக வந்து, "ஆடாம அசையாம படுக்கணும் ஐயா. முடிஞ்சதும் சொல்றேன்" என்று கத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனான்.

நான் ஊருக்கெல்லாம் "தலையை ஆட்டாதீங்க" என்று சொல்கிற ஆள். எனக்கே ஒருத்தன் சொல்கிறான். விடுவேனா? சிலையாகக் கிடந்தேன். பலகை உள்ளே போனது, வந்தது. அப்புறம் ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் எடுக்கிறார்கள் போல என்று மூச்சையும் பிடித்துக்கொண்டேன். கடைசியில் அந்தத் தம்பி ஓடிவந்து தோளை உலுக்கினான். முகம் வெளுத்திருந்தது. "ஐயா, எப்பவோ முடிஞ்சிருச்சு! மைக்குல நாலு தடவை கூப்பிட்டேன். நீங்க அசையவே இல்லைன்னதும் எனக்கு உயிரே போயிடுச்சு!" மைக்கில் கூப்பிட்டானாம், காதுக்கு வைத்தியம் பார்க்க வந்தவனை.

டாக்டரம்மா அங்கே கம்ப்யூட்டரிலேயே பார்த்துவிட்டார். அறிக்கையை அவர் வைத்துக்கொண்டு, படத்தை மட்டும் பெரிய உறையில் போட்டு என் கையில் கொடுத்தார்கள். இருபத்தாறாம் தேதி அட்மிஷன், மறுநாள் ஆபரேஷன் என்று சொன்னார்கள்.

படம் கடையில் இருக்கிறது. கறுப்பு ஷீட்டில் என் தலையைக் குறுக்கே சீவிச் சீவி வைத்திருக்கிறார்கள். முப்பது வருஷமாக ஊர்த் தலைகளை வெளியே இருந்து பார்த்தவன், என் தலையை உள்ளே இருந்து பார்த்தேன். முடி இல்லை என்பதைத் தவிர வேறு குறை ஒன்றும்

இங்கே ஒரு வாடிக்கையாளர் வந்துவிட்டார். மற்றவை பிறகு.

அன்புடன்,
உன் அப்பா


பிப்ரவரி 28

அப்பாவுக்கு,

நேற்று மதியம் லைனில் நின்றுகொண்டிருக்கும்போது ஆஸ்பத்திரியிலிருந்து போன். "உங்க அப்பா அட்மிட் ஆக வரவே இல்லையே, ஏன்?" என்று கேட்கிறார்கள். மெஷின் சத்தத்தில் இரண்டு தடவை திருப்பிச் சொல்ல வைத்தேன். நான்தான் தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று நினைத்தேன்.

டீக்கடை சித்தப்பாவைக் கூப்பிட்டேன். நீங்கள் கடையைத் திறந்து உட்கார்ந்திருக்கிறீர்களாம். அவர் கேட்டதற்கு, "டாக்டரம்மாவுக்குத்தான் உடம்பு சரியில்லை" என்றீர்களாம். அந்த டாக்டரம்மாதான் அப்பா எனக்குப் போன் செய்தது!

போன கடிதத்தில் ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டிருந்தீர்கள். நீங்கள் எந்த வாடிக்கையாளருக்காகவும் பேச்சைப் பாதியில் விடுகிறவர் இல்லை. அந்தப் படத்தில் எதையோ பார்த்திருக்கிறீர்கள்.

அந்த எலும்பு நாளுக்கு நாள் கரைகிறது. அது முக நரம்புக்கு வந்தால் என்ன ஆகும் என்று அவர் போனில் சொன்னார். கேட்டுவிட்டு நான் கழிவறையில் போய் நின்றேன். என்னிடம் பொய் சொல்லாதீர்கள். என்ன பார்த்தீர்கள், எழுதுங்கள். இன்றே எழுதுங்கள்.

உங்கள் மகள்


மார்ச் 5

அம்மாடி,

மாட்டிக்கொண்டேன். உன்னை லைனில் வைத்து அழ வைத்துவிட்டேன் என்பதுதான் எனக்கு உறுத்தல். டாக்டரம்மாவுக்கு நோய் வர வைத்ததற்குத் தனியாகப் பாவம் சேரும்.

சொல்கிறேன். அன்றைக்குக் கடைசி ஆள் போனதும் படத்தை எடுத்துக் கண்ணாடிக்கு மேலே இருக்கிற டியூப்லைட்டில் செருகிப் பார்த்தேன். ஒவ்வொரு சீவலிலும் மண்டை, இரண்டு பக்கமும் காது. எனக்குப் படிப்பு ஒன்பதாவதோடு சரி. ஆனால் தலையில் எது எங்கே என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஒரு பக்கத்துக் காதுக்குப் பின்னால் எலும்பு தேன்கூடு மாதிரி, துளித்துளியாகக் கறுப்பு. அழகாக இருக்கிறது. மறுபக்கம் கூடே இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரே கலங்கல். ஒரு இடத்தில் சுவர் அரித்து, காகிதம் மாதிரி மெலிந்திருக்கிறது.

அழுகியிருப்பது வலது பக்கம்.

நன்றாகப் பார்த்தேன், மறுநாள் பகலிலும் பார்த்தேன். வலது. நான் நாற்காலிக்குப் பின்னால் நின்றால் வாடிக்கையாளரின் வலது காது என் வலது கைப் பக்கம். எதிரே கண்ணாடியில் பார்த்தாலும் அதே பக்கம். கண்ணாடி ஒருநாளும் என்னை ஏமாற்றியதில்லை. ஒரு கிருதா ஏறி ஒரு கிருதா இறங்கி யாரையும் அனுப்பினதில்லை.

அவர்கள் தேதி கொடுத்தது இடது காதுக்கு. படத்தில் இடது பளிச்சென்று இருக்கிறது. கெட்டுப்போனது வலது. எனக்கு இந்த உலகத்தில் மிச்சமிருக்கிற ஒரே காது.

"கேட்டிருக்கலாமே" என்பாய். கேட்டால், "அட ஆமாங்க, அப்ப வலதையே பிரிச்சிடலாம்" என்று சொல்லிவிட்டால்? அதில் கை வைத்து ஏதாவது ஆனால் எனக்கு எல்லாமே மூடிவிடும். நாற்காலியில் உட்காருகிறவன் "கொஞ்சம் மேல", "போதும்", "காதோரம் பாத்து" என்கிறான். அதைக் கேட்டுத்தான் என் கை போகிறது. அது போனால் நான் கத்தரிக்கோல் பிடித்த பொம்மை. அவர்கள் கண்டுபிடிக்காமல் இருக்கிறவரை என் வலது காது எனக்கு. அப்படித்தான் யோசித்தேன். இப்போது எழுதிப் பார்த்தால் கிறுக்குத்தனமாகத்தான் தெரிகிறது. ஆனால் பயம் போகவில்லை.

கடிதத்தின் பின்பக்கம் அந்தப் படத்தை அப்படியே பென்சிலில் வரைந்திருக்கிறேன். கண்ணும் மூக்கும் மேலே, பின்மண்டை கீழே. நீயே பார்.

அப்பா


மார்ச் 10

அப்பா,

கடிதம் இன்று காலை கிடைத்தது. படித்ததும் டீக்கடை சித்தப்பாவுக்குப் போன் செய்து உங்களிடம் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லச் சொன்னேன். "சொல்லிட்டேம்மா, அவரும் சிரிச்சுக்கிட்டே தலையாட்டினாரு" என்றார். அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரியும் அப்பா. நீங்கள் ஒரு வார்த்தையும் கேட்காதபோது ஆட்டுகிற தலை அது. அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் படத்தைக் கண்ணாடியாகப் பார்த்துவிட்டீர்கள். அது கண்ணாடி இல்லை.

இப்படி நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கட்டிலில் மல்லாந்து படுத்திருக்கிறீர்கள். டாக்டர் உங்கள் கால்மாட்டில் நின்று உங்களைப் பார்க்கிறார். உங்கள் வலது காது அவருக்கு எந்தப் பக்கம்? அவருடைய இடது கைப் பக்கம். சி.டி. படம் எல்லாமே அப்படிப் பார்க்கிற மாதிரிதான் வரும். படத்தின் வலது ஓரத்தில் இருப்பது உங்கள் இடது காது. கலங்கலாக இருப்பது இடதுதான். தேன்கூடு மாதிரி இருக்கிறதே, அதுதான் உங்கள் வலது காது. அதன் எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

நம்பிக்கை இல்லையென்றால் படத்தை மறுபடி எடுங்கள். ஓரத்தில் பொடியாக ஆங்கில எழுத்து ஒன்று இருக்கும். கலங்கல் இருக்கிற பக்கம் 'எல்', அல்லது எதிர்ப்பக்கம் 'ஆர்'. எல் என்றால் இடது. நீங்கள் வரைந்ததில்கூட ஓரத்தில் ஒரு சின்னக் கோணல் கோடு இருக்கிறது. அழுக்கு என்று நினைத்து வரைந்தீர்களோ என்னவோ, எல் மாதிரிதான் தெரிகிறது.

டாக்டர் சரியான காதுக்குத்தான் தேதி கொடுத்தார். யாரும் உங்கள் வலது காதைத் தொடப்போவதில்லை. உடனே போங்கள். நான் டாக்டரிடம் பேசிவிட்டேன், எப்போது வந்தாலும் சேர்த்துக்கொள்வார்கள்.

லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். தராவிட்டாலும் வருவேன்.

தயவுசெய்து போங்கள் அப்பா.

உங்கள் மகள்


மார்ச் 11

அம்மாடி,

ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். இதைத் தபாலில் சேர்க்க டீக்கடைக்காரன் பக்கத்தில் நிற்கிறான். உன் கடிதம் எதுவும் இன்னும் வரவில்லை. நேற்று இவன் என்னவோ சொன்னான், நான் சரி சரி என்றேன். என்ன என்று இப்போது கேட்டால், கையை விரித்து வானத்தைப் பார்க்கிறான்.

காலையில் பல் தேய்த்து வாய் கொப்பளித்தேன். தண்ணீர் ஒரு பக்கமாக ஒழுகியது. வயசு என்று நினைத்தேன். கடைக்குப் போய் எனக்கு நானே சவரம் செய்ய நுரை போட்டேன். நுரைக்குள் என் வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. துடைத்துவிட்டுச் சிரித்துப் பார்த்தேன். பாதி முகம் சிரித்தது, பாதி முகம் பேசாமல் இருந்தது. கண்ணை மூடினேன். ஒரு கண் மூடவில்லை. திறந்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இடது கண். இடது வாய். கண்ணாடியில் இடது, என் கைக்கு இடது, எப்படித் திரும்பினாலும் இடது.

படம் வலது என்கிறது, முகம் இடது என்கிறது. இரண்டு காதும் போச்சா, இல்லை நான்தான் எதையோ தலைகீழாகப் பார்த்தேனா என்று தெரியாமல் அப்படியே நின்றேன். டீக்கடைக்காரன் டம்ளரோடு வந்தவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு டம்ளரைக் கீழே போட்டான். "யோவ், கிளம்புய்யா! கடையாவது மண்ணாவது!" என்று சட்டையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினான்.

டாக்டரம்மா திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. படத்தை வெளிச்சப் பெட்டியில் வைத்து ஓரத்தில் இருந்த எழுத்தைப் பேனாவால் தொட்டுக் காட்டினார். எல். எனக்கு அது எழுத்தாகவே தெரிந்திருக்கவில்லை. தாளில் எழுதிக் காட்டினார்: 'நரம்பு அழுந்துகிறது. நாளைக் காலை முதல் கேஸ் நீங்கள். முகம் திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது.'

கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

உன்னிடம் சொல்ல நிறைய இருக்கிறது, ஒன்றும் வரவில்லை. வேடிக்கையாக ஒரு வரி யோசித்தேன். அதுவும் வரவில்லை.

அப்பா


மார்ச் 13
உங்கள் கட்டிலுக்கு எதிரே, ஸ்டூலிலிருந்து

அப்பா,

கண்ணைத் திறந்து என்னையே பார்க்கிறீர்கள், நான் பேசுவது விழவில்லை. தலை முழுக்கக் கட்டு, வலது காது மேலேயும் துணி சுற்றியிருக்கிறது. வார்டில் கத்தக்கூடாது என்று நர்ஸ் இரண்டு தடவை அதட்டிவிட்டார். அதனால் எதிரில் உட்கார்ந்துகொண்டே உங்களுக்குக் கடிதம். படித்ததும் ஆள்காட்டி விரலைத் தூக்குங்கள். தலையை ஆட்டாதீர்கள், அதை நான் நம்பமாட்டேன்.

முதலில்: வலது காதைத் தொடவே இல்லை. கட்டு பிரிந்ததும் முன்பு கேட்ட அளவு கேட்கும்.

டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "படத்துல காட்டின இடத்துலயே பேலன்ஸ் எலும்புல ஓட்டை இருந்துச்சு. அது தெரிஞ்சதாலதான் அது மேல இருந்த தோலைக் கடைசிவரைக்கும் தொடாம வேலை செஞ்சேன். தெரியாம இழுத்திருந்தா அவரால நேரா நிக்கவே முடியாம போயிருக்கும்." முக நரம்பின் மேலே இருந்த எலும்பு கரைந்து, நரம்பு வீங்கி வெளியே கிடந்ததாம். படத்தில் சீழும் சதையும் ஒரே சாம்பலாகத்தான் தெரியும், திறந்த பிறகுதான் எது எது என்று பிரிந்ததாம். சுத்தம் செய்துவிட்டார். நரம்பு அறுபடவில்லை.

இடது காதில் இனிமேல் கேட்காது. கேட்கிற எலும்புகள் முன்பே போய்விட்டன.

முகம் வரலாம். மெதுவாக வரும். முழுசாக வரும் என்று அவர் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். அதுவரை இடது கண்ணில் சொட்டு மருந்து, தூங்கும்போது இமையை ஒட்டிவைக்க வேண்டும்.

எனக்கு உங்கள் மேல் கோபம் தீரவில்லை. பயந்தேன் என்று முதல் நாளே ஒரு வரி எழுதியிருந்தால் இன்றைக்கு உங்கள் முகம் முழுசாக இருந்திருக்கும். பயந்தவரைத் திட்டுகிற அளவுக்கு நான் பெரிய மனுஷி இல்லை. ஆனாலும் கோபம்.

விரலைத் தூக்குங்கள்.

உங்கள் மகள்


ஏப்ரல் 2

என் அன்பு மகளுக்கு,

நீ ஊர் போய்ச் சேர்ந்ததும் எழுதிய இரண்டு வரி கிடைத்தது. அப்பா நலம் என்பதை இந்தத் தடவை சாட்சியோடு சொல்கிறேன். இடது இமை முக்கால்வாசி மூடுகிறது. வாய் இன்னும் கோணல்தான். விசில் அடித்தால் காற்று மட்டும் வருகிறது. போஸ்ட்மாஸ்டர் வந்து பார்த்துவிட்டு, "பரவாயில்லப்பா, முன்னாடியும் நீ சொன்னதுல பாதிதான் நம்புற மாதிரி இருக்கும்" என்றார். தலை சுற்றல் போய்விட்டது. டாக்டரம்மா இன்னும் ஒரு மாசம் கழித்துக் கத்தியைத் தொடலாம் என்றார்.

இது என் செய்தி. இனி உன் செய்தி.

நீ கிளம்பின அன்று கடையில் உன்னை நாற்காலியில் உட்கார வைத்தேன். கை நிதானமாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு தலை வேண்டும் என்றேன். நீயும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்தாய். நுனி முடியைத்தான் வெட்டினேன். இடது பக்கம் வந்து காதுக்கு மேலே முடியைத் தூக்கினதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அங்க வேணாம்ப்பா" என்றாய். அதற்குள் பஞ்சைப் பார்த்துவிட்டேன். மஞ்சள் பாரித்த பஞ்சு. பார்க்காவிட்டாலும் தெரிந்திருக்கும். அந்த வாடையை எனக்கு யாரும் அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. அது என்னோடு என் தலையணையில் படுத்து எழுந்த வாடை.

அங்கேயே கேட்டிருப்பேன். கேட்டால் நீ சிரித்துத் தலையை ஆட்டியிருப்பாய். எனக்குப் பிறந்தவள்தானே. அதனால் மிச்ச முடியையும் வெட்டி, கழுத்தைத் தட்டி, வண்டி ஏற்றிவிட்டேன். வீட்டுக்கு வந்து உன் கடிதங்களை எல்லாம் எடுத்துப் படித்தேன். வாசலின், வலிக்காத சீழ், எலும்பு தின்கிற கதை, கால்மாட்டில் நிற்கிற டாக்டர். அது கேள்விப்பட்டு எழுதினவள் எழுத்து இல்லை. உன் பெட்டிக்குள்ளும் ஒரு கறுப்பு ஷீட் இருக்கிறது, அதற்கும் ஒரு தேதி கொடுத்து நீ போகாமல் இருந்திருக்கிறாய் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆர்டர் ஓடுகிறது, மேனேஜர் முகம் திருப்புகிறார் என்று. என்னை ஆஸ்பத்திரிக்கு விரட்டிக்கொண்டே நீ போகாமல் நின்றுவிட்டாய். மாப்பிள்ளைக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் இன்றைக்கே சொல். என் கோணல் வாயைக் காட்டி நான் வந்து சொல்வதைவிட நீ சொல்வது அவருக்கு நல்லது.

உனக்கு ஒன்றும் நான் உபதேசம் பண்ணப்போவதில்லை. அந்தத் தகுதியை நான் மார்ச் மாசமே தொலைத்துவிட்டேன். பயமாக இருந்தால் பயம் என்று எழுது, நான் அதைத் திட்டமாட்டேன். ஆனால் என் முகத்தை ஒரு தடவை நினைத்துக்கொள். உனக்கு அது வரக்கூடாது. நீ பாதி சிரித்தால் என்னால் பார்க்க முடியாது.

டீக்கடைக்காரனிடம் சாவியைக் கொடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை வண்டியில் வந்து இறங்குகிறேன். மேனேஜரிடம் நான் பேசுகிறேன். அவர் என்ன சொன்னாலும் எனக்குக் கேட்காது, அது ஒரு வசதி. நேராக உன் டாக்டரிடம் போவோம். ஆபரேஷன் முடிந்து நீ கண் திறக்கும்வரை உன் கட்டிலுக்கு எதிரே ஸ்டூலில் நான் உட்கார்ந்திருப்பேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு வருவாய் அல்லவா? இதை யோசித்துப் பார்த்துவிட்டேன். நம் இரண்டு பேருக்கும் இடதுதான் போச்சு. நீ என் வலது பக்கம் நடந்தால் நீ பேசுவது எனக்கு விழும், நான் பேசுவது உனக்கு விழாது. இடது பக்கம் வந்தால் அப்படியே தலைகீழ். பக்கத்தில் பக்கத்தில் நடந்தால் யாராவது ஒருத்தர் தலையாட்டிக்கொண்டேதான் வரவேண்டும். அது வேண்டாம். இறங்கினதும் எதிரெதிரே நிற்போம். ஸ்டாண்டில் இருக்கிறவர்கள் அப்பனும் மகளும் சண்டை போடுகிறார்கள் என்று நினைத்தால் நினைக்கட்டும். எல்லாவற்றையும் என் முகத்தைப் பார்த்து, சத்தமாகச் சொல்.

உன் அப்பா